மாத்திரைப் பெட்டியும் எதிர் நாற்காலியும்

மச்சான்,

காலையில் மாத்திரை போட, நீ வாங்கிக் கொடுத்த நீல மாத்திரைப் பெட்டியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ஏழு நாளைக்கு ஏழு மூடி. உடைந்த புதன் மூடிக்கு நீ போட்டிருந்த ரப்பர் பேண்ட் இற்றுப்போய் விரலில் ஒட்டியது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எண் போடாமல் ஆரம்பித்தால் பாதியில் வேறெங்காவது போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் முதலில் குறிப்புகள்:

1. நீ பெட்டி நிரப்பிய விதம்.
2. நீ போன பிறகு நான் சறுக்கிய விதம்.
3. சறுக்கலுக்குக் காரணம் மாத்திரை மாறியதே என்பது.

கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலமெல்லாம் கரும்பலகையில் இப்படி எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். மாணவர்கள் என்னை ஒழுங்கானவன் என்று நினைத்தார்கள். விழுந்துவிடாமல் நான் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிதான் அந்த எண்கள் என்பதை நீ ஒருவன்தான் கண்டுபிடித்தாய். "அக்காவுக்கு எழுதுன லெட்டர்லயும் நம்பர் போட்டிருப்பாரு, வேணும்னா கேட்டுப் பாருங்க" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாய்.

ஓய்வு பெற்றதும் அந்தக் கைப்பிடியும் போயிற்று. அடுப்பில் பால் பொங்கும், குழாய் திறந்து கிடக்கும், நான் மொட்டைமாடியில் நிற்பேன். மறதி நோய் என்று பயந்தவனைக் கடலூரில் மனநல மருத்துவரிடம் நீதான் அழைத்துப் போனாய். அவர் என் பள்ளிக்கூடத்து நாட்களிலிருந்து விசாரித்துவிட்டு, இது மறதி நோய் இல்லை, சிறு வயதிலிருந்தே இருக்கும் கவனக்குறைபாடு, ஏ.டி.எச்.டி. என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆட்டோவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஸ்கூல் புள்ளைங்களுக்கு வர்றதாமே மாமா. யூனிபாரம் தெச்சிடலாமா?" என்றாய். ஆட்டோக்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும்.

அந்த மாத்திரையை எல்லாக் கடையிலும் வைப்பதில்லை. சிதம்பரத்தில் நான் விசாரித்த கடைகளில் இல்லை. கடலூரில் உனக்குப் பழக்கமான கடையில் மருத்துவர் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு, ஞாயிறுதோறும் முதுநகர் ஸ்டேஷனில் ரயிலேறிச் சிதம்பரம் வருவாய். ஏழு அறைகளையும் நிரப்பி, ஒவ்வொரு மூடியையும் அழுத்திப் பார்ப்பாய். மீதி அட்டையை என்னிடம் விடமாட்டாய், சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். போட்டதை மறந்து நான் மறுபடியும் போட்டுக்கொண்ட ஒரு நாள் உண்டல்லவா, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு அது.

பிறகு என் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரிப்பாய். "ஒரு வேலை சொல்லுங்க மாமா. ஒண்ணே ஒண்ணு. அத முடிச்சிட்டு நிமிருங்க, நான் எங்கயும் போகல." மின்கட்டணமோ, ஓய்வூதிய அலுவலகத்துக்குப் பதிலோ, எதுவானாலும் நீ எட்டிப் பார்த்ததில்லை. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனால் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் வரும். திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவேன். மற்ற நாட்களில் காலையில் போன். "தொறந்தாச்சா மாமா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாய்.

மாசி மகத்துக்கு மறுநாள் உன் இதயம் நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின் நானே பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கினேன். அட்டை என் கைக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தொடக்கத்தில் மருத்துவர் எழுதித் தந்த கம்பெனிப் பெயர் அதில் இல்லை. மருந்தின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது, கீழே நான் கேள்விப்படாத ஒரு கம்பெனி. ஜெனரிக். கடையில் கூட்டம். கேட்கத் தைரியமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே சறுக்கல் தொடங்கியது. மதியத்துக்குள் தலைக்குள் சந்தை கூடிவிடும். உன் அக்காவின் கண் அழுத்தத்துக்கு மாலையில் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளிடம் போகிறவன், வழியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றுவிடுவேன். மறுநாள் அந்தப் பாட்டில் தொட்டி ஓரத்தில் வெயிலில் கிடக்கும். எத்தனை மாலைகள் இப்படிப் போயின என்று எனக்கே தெரியாது. அவளும் உன்னை நினைத்து அழுதுகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "சொட்டு ஒழுங்கா விடறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இடது கண்ணில் ஓரப் பார்வை குறைந்திருக்கிறது, போனது திரும்பாது என்றார். வீட்டுக்கு வந்து உன் அக்கா, "பக்கத்து வீட்டு டீச்சர விடச் சொல்லிக்கிறேன். நீங்க சிரமப்படாதீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

மாத்திரைதான் காரணம் என்று நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மனநல மருத்துவரிடம் போய் அட்டையைக் காட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டும் ஒரே மருந்துதான் சார். மெதுவா கரையற மாத்திரைங்கறதால கம்பெனி மாறினா சிலருக்கு வித்தியாசம் தெரியலாம். உங்களுக்கு அப்படித் தோணுதுன்னா பழையதே எழுதறேன், போட்டுப் பாருங்க." சீட்டை மடித்துப் பையில் வைத்தபோது எனக்கு உயிர் வந்தது. பழைய மாத்திரை வந்துவிட்டால் பழைய நானும் வந்துவிடுவேன், சொட்டுப் பாட்டிலை டீச்சரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது இப்ப வர்றதே இல்லியே சார். அண்ணனுக்குத் தெரியுமே."

"எந்த அண்ணன்?"

"உங்க மச்சான்தான். போன பொங்கலுக்கு முன்னாடியே இது நின்னுபோச்சு. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு, இப்ப நீங்க வாங்கிட்டுப் போறீங்களே, அதத்தான் வாங்கிட்டுப் போனாரு. 'மாமாகிட்ட சொல்லிடாதப்பா, பேரு மாறினாலே பயந்துக்குவாரு'ன்னாரு."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல விளங்கியது. நீ ஞாயிறுதோறும் பெட்டியில் போட்டதும் இதே மாத்திரை. அதை விழுங்கிவிட்டுத்தான் ஒரு மாலைகூடத் தவறாமல் அவளுக்குச் சொட்டு விட்டிருக்கிறேன். மாத்திரையில் குறை இருந்திருந்தால் சென்னை வரைக்கும் அலைந்து வாங்கியிருப்பேன். எதிர் நாற்காலிக்கு எந்தச் சீட்டை நீட்டுவது?

போன ஞாயிறு நானே பெட்டியை நிரப்பிவிட்டு, உன் அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "இப்படி எதிர்ல சும்மா உக்காந்திரேன், ஒரு விண்ணப்பப் பாரம் எழுதணும்" என்றேன். வந்து உட்கார்ந்தாள். நான் பெயரை எழுதி முடிப்பதற்குள், "இது என் தம்பி உட்காந்த எடம், என்னால முடியல" என்று எழுந்து போய்விட்டாள். பாரம் இன்னும் மேசையில் கிடக்கிறது.

காலையில் பெட்டியைத் திறக்கும்போது "தொறந்தாச்சா மாமா?" என்று நானே முணுமுணுத்துக்கொள்கிறேன். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அது ஒன்றுதான். பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறேன். யாரும் இருமுவதில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு மேலே போட்ட எண்களைத் திரும்பப் பார்க்கிறேன். தெரிந்த பிறகும் கை பழக்கத்தில் பழைய காரணத்தையே எழுதியிருக்கிறது. மூன்றாவது குறிப்பு தவறு, மச்சான். மாத்திரை அதேதான்.