நட்சத்திரக் குறி போட்ட வரிகள்

என் ஸ்டெல்லாக் குட்டிக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மா இன்னும் சாப்பாட்டு நேரத்தில் உன் தட்டையும் சேர்த்தே எடுத்து வைக்கிறாள். அப்புறம் அவளே எடுத்து உள்ளே வைக்கிறாள். ஆவடி குவார்ட்டர்ஸில் வேறு எதுவும் மாறவில்லை. உனக்கு மஞ்சள் காமாலை என்று தெரிந்ததும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மாற்றலாகிப் போய்விட்டாள்.

மண்ணூர்பேட்டை போல்ட் கம்பெனியில் உன் ஸ்டோர்ஸ் புரோகிராம் இன்னும் ஓடுகிறது. நேற்று ஸ்டோர்கீப்பர் கன்னியப்பன் அண்ணன் பட்டியலை நீட்டிக் கேட்டார்: "இன்னாம்மா மேரி, கணக்கு ஒதைக்குது? ஸ்டெல்லாவாட்டம் கம்பைல் பண்ண மறந்துட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் நம் ஆபீஸில் எவன் எதை மறந்தாலும், டிபன் பாக்ஸை மறந்தால்கூட, உன் பேர்தான். அந்தப் பேர் உனக்கு எப்படி வந்தது என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

எனக்கு உன் மேல் பொறாமை, ஸ்டெல்லா. செத்துப்போன தங்கச்சியிடம் சொல்லக்கூடாதுதான். ஆனால் உயிரோடு இருந்தபோது சொல்ல வாய் வரவில்லையே.

அங்கே முதலில் வேலைக்குப் போனவள் நான். உன்னைக் கூட்டிப்போய் மேனேஜர் முன்னால் நிறுத்தியவளும் நான். ஒரே வருஷத்தில் நீ செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி போட்ட கம்ப்யூட்டர் ரூமுக்குள் போய் உட்கார்ந்தாய். நான் வெளியே சரக்குச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பிளாப்பியில் பேக்கப் எடுக்கத்தான் உள்ளே விடுவார்கள். அப்பா ஃபேக்டரியில் எல்லோரிடமும், "சின்னவ கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுறா" என்பார். பெரியவ? "அவளும் அங்கதான் இருக்கா."

முதலில் நீ எழுதிய ஸ்கிரிப்ட்டை மெஷின் ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்து ஓட்டும். இருப்புப் பட்டியல் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு நாள் நீ கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாய். கம்பைலர் மொத்தத்தையும் மெஷினுக்கு மட்டும் புரிகிற குறிகளாக மாற்றித் தனி ஃபைலாகக் கொடுத்தது. அப்புறம் கன்னியப்பன் அண்ணன் பீடி பற்றவைப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. "பாப்பா கில்லாடிம்மா!" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

திருமழிசைக்கு முலாம் பூச அனுப்பிய போல்ட் குறைந்து திரும்பினால் எப்படிக் கழிப்பது? அதைப் பஸ்ஸில் உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். முதல் திரையில் உன் பேர் மட்டும் வந்தது. ஸ்கிரிப்ட்டைக் காட்டு என்றால், "ஓடுற ஃபைல்தான் ஆபீஸ்ல இருக்கேக்கா, அது எதுக்கு உனக்கு?" என்று பிளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொள்வாய். பெரிய இவள் என்று நினைத்துக்கொள்வேன்.

நம்மிடம் போல்ட் வாங்கும் கம்பெனி ஆட்கள் பார்க்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அந்த முலாம் கணக்கில் ஒரு பிசகு இருந்தது. நீ ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, ஓடுகிற ஃபைலிலும் அது ஏறுவதற்காக மறுபடி கம்பைல் செய்துவிட்டுச் சாப்பிடப் போனாய். பேக்கப் வேலை என்று சொல்லி நான் உள்ளே போனேன். முந்தின நாள் பிளாப்பியில் இருந்த பழைய ஃபைலை உன் புது ஃபைல் மேல் காப்பி செய்தேன். அதுவும் ஒரே வரிதான்.

வந்தவர்கள் முன்னால் போல்ட் இருப்பு மைனஸில் நின்றது. நீ ஃபைலின் தேதியைப் பார்த்தாய். வாசலில் நின்ற என்னையும் ஒரு தரம் பார்த்தாய். "மன்னிச்சுக்கங்க சார், திருத்திட்டு கம்பைல் பண்ண மறந்துட்டேன்" என்றாய்.

"இதைக்கூடவாம்மா மறப்பாங்க?" என்றார் மேனேஜர்.

எனக்கு அன்று வயிறு குளிர்ந்தது. நீ நிஜமாகவே மறந்துவிட்டதாக நம்புகிறாய் என்று நினைத்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தாய். வெட்கமில்லாமல் தின்றேன்.

போன வாரம் மேனேஜர் புரோகிராமில் ஒரு மாற்றம் கேட்டார். அம்மா உன் பிஸ்கட் டின்னிலிருந்து பிளாப்பியை எடுத்துத் தந்தாள். முதல் முறையாக உன் ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். நட்சத்திரக் குறி போட்டுத் தொடங்கும் வரிகளைக் கம்பைலர் தூக்கிப் போட்டுவிடும், ஆபீஸில் ஓடுகிற ஃபைலில் அவை இருக்காது. படிக்கிற மனுஷருக்காக மட்டும் எழுதுவது. நீ இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாய்.

* இது மேரி அக்கா சொன்ன வழி. அவளைக் கேட்காமல் மாற்றாதே.

கடைசியில் நீ கம்பைல் செய்த நேரமெல்லாம் வரிசையாக இருந்தது. அந்த நாளுக்கு இரண்டு வரி.

* 12.40 கம்பைல். ஓட்டிப் பார்த்தேன், சரி.

* 4.10 மறுபடி கம்பைல். பழைய ஃபைல் வந்திருக்கு. அக்காகிட்ட கேக்கக் கூடாது.

அடிப்பாவி! தெரிந்துமா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய்? அப்புறமும் இரண்டு வருஷம், அதே சீட்டில்? இதை நான் படித்துவிடக் கூடாது என்றுதான் பிளாப்பியைத் தராமல் இருந்தாயா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேனே. பொறுத்துப்போவதிலும் நீயே முந்திக்கொண்டாய். அதற்கும் பொறாமையாக இருக்கிறது எனக்கு.

இன்று மாற்றத்தைச் செய்து, கம்பைல் செய்து, ஓட்டியும் பார்த்தேன். உன் வரிகளுக்குக் கீழே நானும் நட்சத்திரம் போட்டு எழுதினேன்: அன்று பழைய ஃபைலை வைத்தது மேரி. எழுதின பிறகுதான் உறைத்தது, இதையும் கம்பைலர் தூக்கிப் போட்டுவிடும். ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாது.

அதனால் நாளைக்குப் பத்து மணி டீக்கு எல்லோரும் கூடும்போது வாயைத் திறந்து சொல்லப்போகிறேன். மேனேஜரும் இருப்பார், கன்னியப்பன் அண்ணனும் இருப்பார். வேலை போனால் போகட்டும். இனி அங்கே எவனாவது எதையாவது கெடுத்தால் என் பேரைச் சொல்லிச் சிரிக்கட்டும். அந்த ஒரு இடத்திலாவது உன் பேரை எடுத்துவிட்டு என் பேர் வரட்டும், ஸ்டெல்லா.

நீ கேட்காமலே விட்ட உன் அக்கா,
மேரி