நீ கொடுக்காத தாள்

அடப்பாவி மச்சான் அருளு,

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒழுங்காகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தால் இன்று நான் இப்படி நாய்படாத பாடு படுவேனா?

படூர் பக்கம் ஒரு வங்கியின் கணினி மையத்தில் நமக்கு வேலை. ஏடிஎம் ரகசிய எண்களைக் காக்கும் மூலச்சாவி வெறும் எழுத்தும் எண்ணும்தான். அதை மூன்றாகப் பிரித்து, மூன்று பேரிடம் மூடிய உறையில் தருவார்கள். அவரவர் பங்கை அவரவரே சாவியைப் பூட்டி வைக்கும் கணினிப் பெட்டியில் தட்ட வேண்டும். ஒருவன் பங்கை இன்னொருவன் பார்த்தால் வேலை காலி.

புதுச் சாவி ஏற்றிய அன்று மூன்றாமவர் தன் பங்கைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நீயோ எட்டா, பி-யா என்று தாளை முகர்ந்துகொண்டிருந்தாய். நாம் வீட்டுக்குப் போகும் செங்கல்பட்டு பஸ் கிளம்பப் போகிறது. தாள் என் கைக்கு வந்தது. நான் படிக்க, நீ தட்டினாய். யாரும் யார் பங்கையும் பார்க்கவில்லை என்று கையெழுத்தும் போட்டோம், வெட்கமில்லாமல்.

போன வாரம் தணிக்கைக்காரர்கள் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டார்கள். அதில் சத்தம் கிடையாது, உன் முதுகுதான் தெரிகிறது; தாள் எப்படி என் கைக்கு வந்தது என்பது தெரியவில்லை.

"அவருதான தாள குட்தாரு? அத்த எழுதிக் குடு. செத்தவர இன்னா பண்ணப் போறாங்க?" என்கிறான் மேனேஜர்.

உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள். உன் இடத்தில் வேலை கேட்டு நிற்கும் உன் மனைவி ஸ்டெல்லாவை? தப்பு செய்தவன் வீட்டுக்கு வேலை கிடையாதாம். அதையும் அந்த மேனேஜரே சொல்கிறான்.

நேற்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா என்னை மடக்கினாள். "அண்ணா, அவரு மேல எதுனா தப்பு கீதா?"

"தெர்லம்மா" என்றேன். என் வாயில் மண் விழ.

எனக்கா தெரியாது? "குட்றா, நான் படிக்கிறேன்" என்றேன். "வாணாம் மச்சான், ரூல்ஸ் கீது" என்று தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாய். நான்தான் வெடுக்கென்று பிடுங்கினேன். அப்போதே என்னை அறைந்திருக்கக் கூடாதா? ஏன்டா சிரித்தாய்?

நாளைக் காலை எழுதிக் கொடுக்கிறேன்: அவன் தரவில்லை, நான் பிடுங்கினேன். வேலை போனால் போகட்டும். உன்மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கும், சந்தோஷப்படாதே. ஆனால் முதலில் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஆபீஸ் படி ஏறுவேன்.

உண்மையைச் சொல்லாமல், செத்த பிறகும் உன்னை ஒரு வாரம் மாட்டிவிட்டிருந்த
உன் மச்சான்,
பாஸ்கர்