மணிக்கூண்டு இல்லாத இரண்டாம் பாகம்

சின்னவளே,

நான் பேசப் பேச இந்தப் போனே எழுதிக்கொள்கிறது.

வெள்ளத்தில் பாலம் அடித்துப்போன வருஷம்தான் உன் அண்ணன் டி.வி.யில் போட்டு ஆடும் அந்த மந்திர விளையாட்டின் முதல் பாகத்தை வாங்கினான். நாலு வீரர்களுக்கும் நம் பெயர்களையே வைத்தீர்கள். யார் விழுந்தாலும் மணிக்கூண்டுக்குத் தூக்கிப்போய் மணியடித்தால் எழுந்துவிடுவார்கள்.

"அண்ணன மறுபடியும் சாகடிச்சிட்டியாடி?" என்பாள் அம்மா.

"இரும்மா, எழுப்பிக்கலாம்" என்பாய்.

அவன் போன பிறகு, அவன் அலமாரியில் இரண்டாம் பாகம் பிரிக்காமல் கிடந்தது. போன மாதம் நானே பிரித்து ஆட உட்கார்ந்தேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, பொத்தான் தெரியுமே! பழைய ஆட்டத்திலிருந்து நாம் நால்வரும் அப்படியே வந்துவிட்டோம். இதில் படம் அழகு. தண்ணீரில் முகம்கூடத் தெரிகிறது. பழைய நினைப்பில் அண்ணனை முன்னால் அனுப்பினேன். விழுந்தான். ஊரெல்லாம் தேடினேன், மணிக்கூண்டே இல்லை. அப்புறம் அம்மா. நம் வீட்டில் நடந்த அதே வரிசை.

நீ கோபித்துக்கொண்டு போனதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை நேரில் சொல்கிறேன்.

நேற்று கேடயத்தோடு நானும் விழுந்தேன். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். உன்னை நகர்த்த எனக்குக் கை வரவில்லை. வந்து நீயே ஆடு. ஆற்றோரம் வில்லோடு இன்னும் உயிரோடு நிற்பது நீ ஒருத்திதான்.

அப்பா