நூலில் கோத்த காமிக்ஸ்

ஆடி 9, வெள்ளி.

ராசிபுரத்தில் ஒரு தறிக்காரர் ஆயுசு முழுக்கச் சேர்த்த காமிக்ஸை வாங்கப் போயிருந்தேன். அவர் இறந்துவிட்டார், மனைவிதான் விற்கிறார். "வரிசை கலையாம வையுங்க" என்று போனில் சொல்லித் தொலைத்தவன் நான்தான். அந்தம்மா ஒவ்வொரு புத்தகத்திலும் துளை போட்டு, தறியின் டிசைன் அட்டைகளைக் கோப்பதுபோல வரிசையாக நூலில் கோத்து வைத்திருந்தார். அட்டைப்படத்து முகங்களிலெல்லாம் ஓட்டை. இனி எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார்.

"ஒண்ணுகூட வரிசை மாறாதுங்க. மூணு நாளா இதே வேலைங்க" என்றார். விரல்களில் பிளாஸ்திரி.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

"பரண்ல இன்னும் ரெண்டு பெட்டி இருக்குதுங்க. இன்னைக்கே கோத்துப்போடறேன், காத்தால வாங்க."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். போன் பக்கத்தில்தான் கிடக்கிறது. இந்நேரம் முதல் பெட்டி முடிந்திருக்கும்.