அர்ஷாக்கின் சப்பாத்து

இஞ்சாருங்கோ,

ஓட்டக் கழகத்தோட துறைமுகப் பக்கம் போறன். குசினியில இடியப்பமும் சொதியும் மூடி வைச்சிருக்கிறன்.

எட்டு மணிக்கு ஜுமானா வருவா. அவவின்ர மனுசன் அர்ஷாக் எங்களோட ஓடேக்க விழுந்து மௌத்தாகி இண்டைக்கு நாற்பது நாள். ஆஸ்பத்திரியில கழட்டித் தந்த, அவர் காலில போட்டிருந்த சப்பாத்து அலுமாரிக்குள்ள இருக்கு, எடுத்துக் குடுங்கோ.

அறைக்குள்ள ஒளிக்காதேங்கோ. அவர் "ஏலாது மச்சான்" எண்டு சொல்ல, "கோட்டைவாசல் மட்டும் வாடா" எண்டு நீங்கள் இழுத்துக்கொண்டு ஓடினதை நீங்களே அவவிட்டச் சொல்லுங்கோ. நேற்று நான் கத்தினது பிழைதான். சொன்னது பிழையில்லை.

பி.கு.: நித்திரையில "நில்லடா" எண்டு கத்துறீங்கள். எனக்கும் ஓடேக்க பின்னால அவருடைய காலடி கேட்குது. நான் திரும்பிப் பார்க்கிறதில்லை. அவரும் வந்து சேரட்டும் எண்டு மெதுவா ஓடுறன்.

லோஜினி