மதர்போர்டில் அலுமினியத் தூள்

ஜூன் 11, புதன்

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஏழு வாரம். அதற்குள் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்தாக வேண்டும் என்று சிவகாசியில் ஒவ்வொரு அச்சகமும் ஓடுகிறது. எங்கள் அச்சகத்தில் நான் இன்று மூன்று முருகன்களுக்குப் பின்னால் இருந்த வானத்தின் நிறத்தை மாற்றினேன்.

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலை வெளியிலிருந்து வருகிறது. படித்துக்கொண்டே செய்கிற வேலை அது, விட மனமில்லை. புதியது வாங்க முடியாது. பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற வொர்க்ஸ்டேஷன் மதர்போர்டு என்றால் முடியும். ரேம் போட எட்டு இடம், சர்வரில் கழற்றிய ரேமும் மலிவு. இரண்டு வாரமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், நாவல் படிப்பது போல.

ஜூன் 15, ஞாயிறு

விருதுநகர். முகம்மது நூகு பாய் கடை. பழைய போர்டுகளைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய மருமகள் ஷாஹிதா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். எனக்கு முதலாவது பிடித்தது. பெரிய கம்பெனிப் பெயர், பளபளப்பு.

"அத எடுக்காதீக. பவர் கனெக்டர அவன் தனியா வச்சிருக்கான். நம்ம ஊர்ல விக்கிற எஸ்எம்பிஎஸ், அதான் கரண்டு குடுக்கிற பெட்டி, எதுவும் மாட்டாது. பாக்கத்தான் அழகு."

பாய் கல்லாவிலிருந்து கத்தினார். "ஏ ஷாஹிதா, ரெண்டு மாசமா கெடக்கு அது. விக்க விடமாட்டியா?"

"வித்தா நாளைக்கு வந்து உங்களத்தான் வைவாக, மாமா."

இரண்டாவதை எடுத்தேன். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியில் காட்டினார். இந்த வகையில் பின்கள் எல்லாம் போர்டில்தான் இருக்கின்றன, ப்ராசஸரில் இல்லை. "ரெண்டாயிரத்துச் சொச்சம் பின்னு. தலமுடிய விட மெலிசு. ப்ராசஸர் வைக்கிற நிமிசம் வரைக்கும் மூடியக் கழட்டிராதீக." பிறகு 'சோதித்தது: ஷாஹிதா' என்று எழுதிய சின்ன ஸ்டிக்கரை ஓரத்தில் ஒட்டினார்.

ஆறு மாதமாகத்தான் இந்த வேலையை மாமனார் விட்டிருக்கிறாராம். "ஒரு போர்டு கெட்டுப்போயி திரும்பி வந்தாலும் பில்லு மேசைதான்னு சொல்லியிருக்காக. இன்னும் ஒண்ணுகூட வரல" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஜூன் 16, திங்கள்

அம்மா வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கி வந்தாள். கட்டில் மேல் செய்தித்தாள் விரித்துப் போர்டை வைத்திருந்தேன். "தொடுறதுக்கு முன்னாடி இரும்பத் தொடணும்மா. நம்ம உடம்புல இருக்கிற கரண்டு இதக் கெடுத்துரும்."

"எனக்கே சொல்லித் தாரியா? பட்டாசு ரூமுக்குள்ள கால் வைக்குமுன்ன செப்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போறோம், இருவது வருசமா."

எனக்கு இது தெரியாது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை.

ஜூன் 18, புதன்

எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். போர்டுக்கு உயிரில்லை. விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. எட்டு இடத்திலும் ரேமை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் ப்ராசஸரை எடுத்துவிட்டு, போன் கேமராவைப் பெரிதாக்கிச் சாக்கெட்டைப் பார்த்தேன். ஒரு மூலையில் ஏழெட்டுப் பின்கள் படுத்துக் கிடந்தன. நடுவில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

அம்மாதான். "நேத்து தூசியா இருந்துச்சு தாயி. முந்தானையால லேசா ஒத்தி எடுத்தேன். சன்னல் கம்பியத் தொட்டுட்டுத்தான் தொட்டேன்."

ஒன் பட்டாசு அழுக்க இதுலயும் கொண்டாந்து ஒட்டணுமான்னு கேட்டுட்டேன். அப்படியேதான் கேட்டேன். இதைவிட நல்ல வார்த்தை ஒன்றுகூடவா எனக்கு வரவில்லை? அம்மா கையைப் பார்த்தாள். எழுந்து போய்க் கொல்லையில் சோப்புப் போட்டுக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

மூடியைக் கழற்றியது யார்? திங்கட்கிழமை போட்டோ எடுக்க நான்தான் கழற்றினேன். திரும்பப் போடவில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும்.

போர்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்லிப் பின்னை நிமிர்த்த முடியுமா என்று கேட்கத்தான் பேருந்தில் நினைத்துக்கொண்டே போனேன். பாய் பார்த்துவிட்டு, "பின்னு வளைஞ்சிருக்கேம்மா" என்றார்.

"நான் மாட்டும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

எங்கிருந்து வந்தது அந்தக் குரல்?

ஷாஹிதா பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார். "மாமா, உள்ள அலுமினியப் பவுடர் கெடக்கு பாருங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "வீட்ல யாரும் பட்டாசு வேலைக்குப் போறாகளா?"

"இல்ல. அம்மா தைக்கிறாங்க."

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள் சொன்னது அது. அச்சகத்திலும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில், பேருந்தில் மருந்து படிந்த சேலையோடு இருந்த அம்மாவின் பக்கத்து இடம் காலியாக இருந்தும் ஒருத்தி உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். அதற்குப் பிறகு எனக்கு அம்மா தைக்கிறாள்.

பாய் மருமகளைப் பார்த்தார். "அப்ப இங்கனதான் ஆயிருக்கு. எந்தத் துணிய வச்சுத் தொடச்சியோ. சொன்னது ஞாபகமிருக்கா? நாளையிலருந்து பில்லப் போடு, போதும்." எனக்கு அதே மாதிரி வேறொரு போர்டு எடுத்துக் கொடுத்தார். அலைய வைத்ததற்காக ஒரு ரேமையும் சேர்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நாவல்களில் பொய் சொல்கிறவர்களுக்கு வியர்க்கும். எனக்கு வியர்க்கவே இல்லை.

ஜூன் 23, திங்கள்

போர்டு வேலை செய்கிறது. சந்தோஷம் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ப்ராசஸர் மேல் தடவும் பேஸ்ட் வாங்கும் சாக்கில் கடைக்குப் போனேன். பேஸ்ட் சிவகாசியிலேயே கிடைக்கும்.

சோதிக்கிற மேசையில் பாய் உட்கார்ந்து திணறிக்கொண்டிருந்தார். "ஷாஹிதா, இது ஆன் ஆகி ஆகி ஆஃப் ஆகுது, என்னன்னு பாரு." ஷாஹிதா எழுந்திருக்கவில்லை. "பேட்டரிய மாத்துங்க, மாமா" என்று சொல்லிவிட்டு என் பில்லை எழுதினார். என் பெயரைக் கேட்டார், முன்பின் பார்க்காதவளைக் கேட்பது போல.

"அனுப்பிரியா" என்றேன். பேஸ்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா இப்போதெல்லாம் குளித்துவிட்டுத்தான் இந்த அறைப் பக்கம் வருகிறாள். குளித்த பிறகும் உள்ளே வருவதில்லை. நிலைக்கு வெளியே நின்று, "ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

பழியை இரண்டு பேரின் மேல் போட்டேன். ஒருத்தியிடம் ஊரறியப் பொய், இன்னொருத்தியிடம் பாதி உண்மை. இடையில் நான் மட்டும் சுத்தமாக உட்கார்ந்து பக்கம் அமைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் நானும் போய்விடுவேன் என்று தெரிந்தது. "பாய், அந்தப் போர்டு எங்க வீட்லதான் கெட்டுப்போச்சு. மூடியக் கழட்டிப் போட்டது நான். எங்கம்மா தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குறாங்க. தைக்கல."

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னம்மா, குடியா முழுகிப் போயிருக்கும்? எம் மருமக பேரக் கெடுத்துட்டு நின்னியே." நின்றிருந்த இருவரில் ஒருவர், "படிச்ச பிள்ள மாதிரி இருக்கு" என்றார் யாரிடமோ.

கெட்ட போர்டின் விலையை மேசையில் வைத்தேன். பாய் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்பார் என்று மனதின் ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து வெட்கம்.

"ஷாஹிதா, எந்திரி. ஓன் எடத்துல போயி உக்காரு."

"இந்தப் பில்ல முடிச்சுட்டு வாரேன், மாமா." நிதானமாக முடித்தார். என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களா வந்து சொல்லுவீகன்னு ஒரு வாரம் பாத்தேன். அப்பறம் பாக்கல."

மூன்று வாரம் பில் போட்டிருக்கிறார்.

ஜூலை 16, புதன்

அம்மாவிடம் மூடி விஷயத்தைச் சொன்னேன். ஷாஹிதா வேலையிலிருந்து இறக்கப்பட்டதையும் சொன்னேன். அம்மா பதறினாள். "நான் தொட்டதுக்கா அந்தப் பிள்ள ஏச்சு வாங்குச்சு? ஞாயித்துக்கெழம என்னையக் கூட்டிட்டுப் போ. ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

கூட்டிக்கொண்டு போவதென்றால் மீதியையும் சொல்ல வேண்டும். சொன்னேன். அம்மாவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.



"தையலா?" என்றாள் அம்மா. "எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதே, புள்ள. யாராச்சும் ஜாக்கெட்டத் தூக்கிட்டு வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

கேலியா, இல்லையா என்று தெரியவில்லை. எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவும் நானும் விருதுநகர் போனோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

"முருகம்மான்னு எம் பேரு. அந்தப் போர்டத் தொடச்சது நான்தான்" என்றாள் கடைக்குள் நுழைந்ததுமே, எந்த ரூம், எத்தனை வருட வேலை என்பதையும் யாரும் கேட்காமலே சேர்த்து. பாய் தேநீர் சொன்னார். ஷாஹிதா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். தான் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பூதக்கண்ணாடியை அம்மா கையில் கொடுத்துப் பின்களைக் காட்டினார். "யாத்தே, எம்புட்டு! இத நீ ஒத்தையாவா பாக்க?" என்றாள் அம்மா. கம்பெனியில் மருந்து கலக்கிற இடத்தில் யார் எப்படி நடக்க வேண்டும் என்று அம்மா சொல்ல, ஷாஹிதா கேள்வி மேல் கேள்வி கேட்டார். அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தேநீர் வந்தது, குடித்தார்கள், பேச்சு நிற்கவில்லை.

நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.