சபீரா பட்டம் வாங்கிய வாரம்

பிப்ரவரி 11, புதன்

காலையில் கடும் பனி. மாடியில் போட்ட துணி மத்தியானம் வரை காயவில்லை.

வாங்க வேண்டியது: நொய், பேரீச்சம்பழம், பாசிப்பருப்பு. அடுத்த வாரம் நோன்பு.

சனிக்கிழமை சபீராவுக்குப் பட்டமளிப்பு விழா. மாமி பக்கத்து வீட்டில் சத்தமாக: "எங்க வீட்டுல மொத பட்டதாரி சின்ன மருமவதான்."

அதே கல்லூரி, அதே கணிதம். ரெண்டாம் வருடத்தோடு என்னைத் தன் மகனுக்குக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்து, படித்தது போதும் என்றது இதே மாமி. எட்டு வருடம் ஆகிறது. கொழுந்தன் மனைவி சபீராவுக்கு மட்டும் கல்யாணத்துக்கு அப்புறமும் பஸ் பாஸ். சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியது நான். மார்க்கப் பாடமான தீனியாத் தேர்வுக்கு அவள் படித்ததும் என் பழைய நோட்டில்தான்.

அவள் போன் ரிப்பேர். கல்லூரிக்கு என் நம்பர் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் மெசேஜ்: நாளை ஒத்திகை மதியம் இரண்டு மணிக்கு இல்லை, காலை பத்து மணிக்கு. வராதவர்களுக்கு மேடை கிடையாது.

சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சரியான தூக்கம் இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஒன்பதே முக்காலுக்கு சபீரா நிதானமாகத் துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நேரத்த மாத்திட்டாங்களாம். பத்து மணிக்கே. இப்பதான் பாத்தேன்." பொய்.

ஸ்கூட்டியில் நானே கூட்டிப் போனேன். அறுப்பு மிஷின் ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. பட்டியலை மூடிவிட்டார்கள். சபீரா வாசலிலேயே அழுதாள்.

பொறுப்பு ஜமீலா மேடம். எனக்கும் பாடம் எடுத்தவர்.

"நீ நஸீமாதானே? ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டியே?"

"ஆமா மேடம். இவ மேல தப்பு இல்ல. நேத்தே மெசேஜ் வந்துச்சு. நான்தான் சொல்லல."

சபீரா பக்கத்திலேயே நின்றாள். மேடம் மூடிய பட்டியலைத் திறந்து அவள் பெயரை எழுதினார். பிறகு அவளிடம், "போ, கடைசி வரிசையில நில்லு."

திரும்பும்போது சபீரா என் தோளைப் பிடிக்காமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 14, சனி

வெயில். விழாவுக்கு வீட்டுக்கு ரெண்டு பாஸ். ஒன்று மாமிக்கு. இன்னொன்று அவள் உம்மாவுக்கு என்று நினைத்தேன். காலையில் என்னிடம் நீட்டினாள். "நீங்க வாங்க லாத்தா. எனக்குக் கோவம் போகல. ஆனா வாங்க."

குர்ஆன் கிராஅத், வரவேற்பு, நீளமான பேச்சு. ஏசி குளிர். எல்லாரும் கறுப்பு அங்கி. "எது நம்ம புள்ள?" என்று மாமி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான்தான் கை காட்டினேன். அவள் பெயரை வாசித்தபோது வயிறு எரிந்தது. கையும் தட்டினேன்.

திரும்பும்போது ஆட்டோ. சான்றிதழை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே மாமி என்னிடம், "நீயும் முடிச்சிருக்கலாம் நஸீமா. பாதியிலயே விட்டுட்டே."

பக்கத்திலிருந்த சபீரா திரும்பினாள்.

"லாத்தா எங்க விட்டாங்க மாமி? நீங்கதானே நிறுத்துனீங்க."

எட்டு வருடமாக நான் சொல்ல நினைத்தது. அதையும் அவளே சொல்லிவிட்டாள்.